சிலந்தி அனான்சேயோடு ஒரு மாலை: கானாவின் கதை, பாட்டு, அச்சுத்துணியைச் சபைக்குக் கொண்டுபோக முழுமையான வழிகாட்டி

முதலில் என் சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பள்ளியில் 'ஆப்பிரிக்கப் பண்பாட்டு விழா' நடத்தித் தரக் கேட்டார்கள். நானும் உற்சாகமாகக் கிளம்பி, சுவரில் எகிப்துப் பிரமிடு, வாசலில் மாசாய் ஈட்டி, மேடையில் யூடியூபைப் பார்த்துப் பழகிய ஜூலு நடனம், நடுவில் ஜெம்பே மேளம், கடைசியில் எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே நினைவில்லாத ஒரு சிங்கக் கதை என்று எல்லாவற்றையும் ஒரே சாம்பாரில் போட்டுக் கொதிக்கவிட்டேன். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. முடிந்தபிறகு, விருந்தினராக வந்திருந்த கானா நாட்டு மாணவர் ஒருவர் அருகில் வந்து, ரொம்ப மரியாதையாக, "நன்றாக இருந்தது. இதில் எங்கள் ஊர் எங்கே வந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்கப்புறம் வழியை மாற்றிக்கொண்டேன். இப்போது ஒரே மக்கள், ஒரே மாலை, 30 பேர், 90 நிமிடம். அதற்குள் கதையும் பாட்டும் கலையும் வந்துவிட வேண்டும், ஆனால் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடாது, ஒன்றுக்குள் ஒன்றாக வரவேண்டும். ஆசிரியர், நூலகர், கதைசொல்லி, அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஏதாவது செய்ய நினைக்கிறவர், யாராக இருந்தாலும் இதை நடத்தலாம். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: யாருடையது என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா?

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. ஒரே நாட்டுக்குள் பக்கத்துப் பக்கத்து மாவட்டக்காரர்களுக்கு வேறு மொழி, வேறு தாளம், வேறு சாமி. எனவே எதை மேடையேற்றுவதாக இருந்தாலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாருடையது, எந்த மொழியில் புழங்குகிறது, எப்போது செய்வார்கள்? மூன்றுக்கும் பதில் தெரியாத சரக்கைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது கானாவின் அகான் மக்களை. கானா மேற்கு ஆப்பிரிக்காவில், கினி வளைகுடாக் கரையில் இருக்கிறது. 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்றது. அகான்களில் அசாந்தே, ஃபாந்தே, அக்குவாப்பெம் என்று பல பிரிவினர் உண்டு. அசாந்தேக்களின் தலைநகர் குமாசி, பேசுவது ட்வி. ஏன் அகான் என்றால், பாதி என் சோம்பேறித்தனம். அவர்கள் கதைக்கு நடுவிலேயே பாட்டு பாய்ந்து வரும், நாம் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. கதையின் நாயகனான சிலந்தி துணியில் அச்சாகவும் வருவான், கென்டே நெசவு பிறந்த கதையிலும் வருவான் (பொன்வீரே ஊரில் இரண்டு பேர் சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்து நெய்யக் கற்றார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை). ஆக, ஒரு சிலந்தியைப் பிடித்தால் மூன்றும் கைக்கு வந்துவிடும்.

இந்த இடத்தில் பலரும் வழுக்குவது மேளத்தில்தான். ஜெம்பேயும், கோரா என்கிற 21 நரம்பு வாத்தியமும் மாலி, கினி, காம்பியா, செனகல் பக்கத்து மாந்தே மக்களோடு சேர்ந்தவை. "எல்லாம் ஆப்பிரிக்க மேளம்தானே" என்று அகான் கதைக்கு ஜெம்பே தட்டினால், வில்லுப்பாட்டுக்குப் பஞ்சாபி டோல் அடித்த மாதிரி இருக்கும். சத்தம் நன்றாக இருக்கும், ஊர்க்காரர் சிரிப்பார்.

இரண்டாம் படி: கதை

அனான்சே என்றால் ட்வியில் சிலந்தி. முழுப்பெயர் குவாகு அனான்சே. குவாகு என்பது புதன்கிழமை பிறந்த ஆணின் பெயர். அகான் கதைகளுக்கே 'அனான்செசெம்' என்றுதான் பெயர், சிலந்திக் கதைகள் என்று பொருள். சிலந்தி தலைகாட்டாத கதையையும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. கதைகள் எல்லாம் வானத்துத் தெய்வமான ஞாமேயிடம் இருந்தன, அனான்சே போய் விலைக்குக் கேட்டான். மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம், காட்டில் திரியும் குட்டித் தேவதை, நாலையும் பிடித்துக்கொண்டு வா என்றார் ஞாமே. அனான்சே வீட்டுக்கு வந்து மனைவி அசோவிடம் யோசனை கேட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறான். இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள், பாதி மூளை அவளுடையது. ஒரு பனைமட்டையைத் தூக்கிக்கொண்டு, "இது நீளமா அது நீளமா" என்று முணுமுணுத்தபடி மலைப்பாம்பு இருக்கும் பக்கம் போகிறான். என்ன விஷயம் என்று பாம்பு கேட்க, பெண்டாட்டியோடு வாக்குவாதம், உன்னைவிட இந்த மட்டைதான் நீளம் என்கிறாள் என்கிறான். ரோஷம் வந்த பாம்பு மட்டையோடு நீட்டிப் படுக்கிறது, கொடியால் சுற்றிக் கட்டிவிடுகிறான். குளவிகளின் மேல் சுரைக்குடுக்கைத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, தன் தலைக்கு மேல் ஒரு வாழையிலையைப் பிடித்துக்கொண்டு, "மழை பிடித்துக்கொண்டதே, என் குடுக்கைக்குள் ஒதுங்குங்கள்" என்கிறான். சிறுத்தைக்குக் குழி. தேவதைக்கு, பசை தடவிய மரப்பொம்மையும் மசித்த கிழங்கும். சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னால் பொம்மை பதில் பேசவில்லையே என்று தேவதை அதைக் கன்னத்தில் அறைந்து, கை ஒட்டிக்கொள்கிறது.

அருமையான கதை. ஆனால் முதல் தடவையே இதை எடுக்காதீர்கள். நாலு வேட்டையையும் சரியாகச் சொல்ல இருபது நிமிடம் பிடிக்கும், மூன்றாவது வேட்டையில் கூட்டம் நெளிய ஆரம்பித்தால் உங்களுக்கும் கை நடுங்கும். புதியவர்களுக்குப் பானைக் கதை போதும்.

பானைக் கதை இதுதான். உலகத்தில் உள்ள அறிவையெல்லாம் அனான்சே திரட்டி ஒரு பானையில் அடைக்கிறான். வேறு யாருக்கும் கிடைக்கக்கூடாது. உயரமான மரத்தின் உச்சியில் ஒளித்துவைக்கலாம் என்று, பானையைக் கயிற்றில் கட்டி வயிற்றுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுகிறான். பானை இடிக்கிறது. கால் மரத்தைப் பிடிக்கமாட்டேன் என்கிறது. வழுக்குகிறான், மறுபடி ஏறுகிறான், மறுபடி வழுக்குகிறான். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த மகன் இன்டிகுமா, "அப்பா, பானையை முதுகுப்பக்கம் கட்டிக்கொண்டால் ஏறலாமே" என்கிறான். அத்தனை அறிவும் என் பானையில் இருக்க, இந்தப் பொடியனிடம் எப்படி மிச்சம் இருந்தது? அந்த ஆத்திரத்தில் பானை நழுவி விழுந்து உடைகிறது. சிதறியதை ஊரார் ஓடிவந்து ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

சொல்லும்போது கையில் ஒரு நிஜக் குடம் வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் குடம் போதும். பழைய துப்பட்டாவால் வயிற்றில் கட்டிக்கொண்டு, எதிரில் ஒரு மரம் இருப்பதாக நினைத்து ஏறுங்கள். இரண்டு முறை வழுக்குங்கள். மூன்றாம் முறை நின்று, மூச்சு வாங்கி, கூட்டத்தைப் பாருங்கள், பேசாதீர்கள். இன்டிகுமா வரவேண்டிய இடம் இது, ஆனால் நீங்கள் அவனைக் கொண்டுவர வேண்டாம். நான் சொன்ன இடங்களில் எல்லாம் பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு மூலையிலிருந்து "முதுகில கட்டுங்க!" என்று ஒரு குரல் வந்துவிட்டது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் இன்றைய இன்டிகுமா. அவர் பக்கம் திரும்பி, நிஜமாகவே கோபப்படுங்கள். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டவர் எழுபது வயதுத் தாத்தா. கூடத்தில் அன்றைக்கு எழுந்த சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது.

தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் அகான் வழக்கமே கைகொடுக்கும். கதை சொல்கிறவர் எடுத்த எடுப்பில், "நாங்கள் சொல்லப்போவதை நிஜம் என்று சொல்லவில்லை, சொல்லவே இல்லை" என்ற பொருளில் ஒரு வாசகம் சொல்வார். முடிக்கும்போது, "நான் சொன்ன இந்தக் கதை இனித்தாலும் இனிக்காவிட்டாலும், கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போங்கள், கொஞ்சம் என்னிடம் திரும்பி வரட்டும்" என்பார். இந்த இரண்டையும் ட்வி மூலத்தோடு 1930இல் பதிப்பித்தவர் ராட்ரே என்னும் பிரிட்டிஷ் அதிகாரி. காலனி ஆட்சியின் சம்பளத்தில் இருந்தவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, கானாக்காரர்களே எழுதிய வடிவங்களையும் தேடிப் படியுங்கள். இருட்டிய பிறகுதான் கதை என்பதும் பழைய வழக்கம். அதனால் நான் மாலை ஆறரைக்கு முன்னால் தொடங்குவதில்லை, டியூப்லைட்டையும் அணைத்துவிடுவேன்.

'இக்கதையின் நீதி யாதெனில்' என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். அனான்சே பொய் சொல்வான், பசி நேரத்தில் சொந்தப் பிள்ளைகளின் பங்கையே தின்பான், பாதிக் கதைகளில் மாட்டிக்கொள்வான், மீதியில் தப்பிவிடுவான். பிள்ளைகளுக்கு அவனைப் பிடிப்பதே அதனால்தான். ஞாமேயைவிடச் சிறியவன், சிறுத்தையைவிடச் சிறியவன், வாயையும் மூளையையும் வைத்தே பிழைக்கிறவன். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட அகான் மக்கள் இவனையும் கூடவே கொண்டுபோனார்கள். ஜமைக்காவிலும் சுரினாமிலும் குராசாவோவிலும் இன்றைக்கும் அனான்சி, நான்சி என்ற பெயர்களில் இதே சிலந்தி உலாவுகிறான். சங்கிலியில் கிடந்தவர்கள் ஏன் ஒரு யானையையோ சிங்கத்தையோ நாயகனாக்கவில்லை என்று பெரியவர்கள் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், பதில் அவர்களிடமிருந்தே வரும்.

மூன்றாம் படி: பாட்டைக் கதைக்குக் குறுக்கே விடுங்கள்

இந்தப் படிதான் மொத்த மாலைக்கும் உயிர். இதைச் சரியாகச் செய்தால் மற்றதில் தடுமாறினாலும் பரவாயில்லை.

அகான் கதை நடக்கும்போது கேட்கிறவர்களில் ஒருவர் திடீரென்று குறுக்கிடுவார். "கொஞ்சம் நிறுத்து, அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன்!" என்று சொல்லி ஒரு பாட்டை எடுத்துவிடுவார். கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடும், கை தட்டும், சில சமயம் எழுந்து ஆடும். பாட்டு ஓய்ந்ததும் கதைசொல்லி விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இந்தக் குறுக்குப் பாட்டுக்கு 'மொகுவோ' என்று பெயர். கதை தொய்ந்தால் தூக்கிநிறுத்தவும், தூங்குகிறவரை எழுப்பவும், சில நேரம் கதைசொல்லியைக் கலாய்க்கவும் அது பயன்படும். கானாவின் நாடகக்காரர் எஃபுவா சதர்லாண்ட் (1924–1996) இந்த ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு நாடக மரபையே கட்டினார். 1960களில் எகும்ஃபி அட்வியா என்கிற ஃபாந்தே கிராமத்து மக்களோடு சேர்ந்து 'கொஜிடான்', அதாவது கதைவீடு, என்றே ஓர் அரங்கத்தை எழுப்பினார்.

நீங்கள் செய்யவேண்டியது இது. நிகழ்ச்சிக்கு அரைமணி முன்னதாக வரச்சொல்லி மூன்று பேருக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து, கூட்டத்தில் வேறு வேறு மூலையில் உட்காரவையுங்கள். பானைக் கதையில் அனான்சே முதல்முறை வழுக்கும்போது ஒருவர் எழுந்து, "நானும் அந்த மரத்தடியில்தான் இருந்தேன்!" என்று கத்திவிட்டுப் பாட்டைத் தொடங்கவேண்டும். இரண்டாம் வழுக்கலுக்கு இன்னொருவர். இதைப் பார்த்துவிட்டு, சொல்லிவைக்காத நாலாவது ஆள் ஒருவர் தானாக எழுந்து குறுக்கிட்டால் அன்றைக்கு உங்கள் வேலை முடிந்தது.

என்ன பாட்டு? அர்த்தமில்லாத 'ஊகா பூகா' ஓசைகளை 'ஆப்பிரிக்கப் பாட்டு' என்று விடுகிற பழக்கம் நம் சினிமாவிலிருந்து வந்தது, அதை அங்கேயே விட்டுவிடுங்கள். நிஜமான அகான் சிறுவர் பாட்டு 'சன்சா குரோமா'. தாயை இழந்த பருந்து ஒன்று கோழிக்குஞ்சுகளைப் பிடித்துத் திரிகிறதாம், அதுதான் பாட்டின் சாரம். வட்டமாக உட்கார்ந்து, தாளம் விழும்போதெல்லாம் தன் முன்னால் இருக்கும் கல்லைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிக்கொண்டே பாடவேண்டும். தாளம் தப்பியவர் முன்னால் கற்கள் குவிந்துவிடும். கானாவில் வளர்ந்தவர்கள் பாடிய பதிவை இருபது தடவையாவது கேட்டுவிட்டுச் சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் ட்வியில் குரல் ஏறி இறங்குவதைப் பொறுத்துச் சொல்லின் பொருளே மாறும். 'அட்டும்பான்' என்ற இரட்டை முரசால் அங்கே செய்தி சொல்ல முடிவதும் இதனால்தான். ஒரு முரசு மேல்சுருதி, இன்னொன்று கீழ்சுருதி, பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே கோலால் அடிப்பார்கள். கதைக்கு நடுவில் வரும் மொகுவோவுக்குச் சொந்தமாக இரண்டு வரித் தமிழ்ப் பாட்டு கட்டிக்கொண்டாலும் தப்பில்லை, ஒருவர் கேட்க மற்றவர் பதில் பாடும் அமைப்பு மட்டும் இருக்கட்டும். அது நீங்கள் கட்டியது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தாளத்தில் ஆர்வமுள்ள கூட்டமாக இருந்தால் இன்னும் ஒன்று செய்யலாம். கானாவின் கிழக்கே வோல்டா பகுதியில் இருக்கும் ஏவே மக்களிடம் ஓர் இரும்பு மணித் தாளம் உண்டு. (ஏவே வேறு, அகான் வேறு. மேடையிலும் இதைச் சொல்லுங்கள்.) மேற்கு ஆப்பிரிக்காவில் பல இடங்களில் புழங்கும் தாளம்தான். மொத்தம் 12 துடிப்பு, அதில் 7 அடி. நமக்கு இதைப் பிடிக்க சொற்கட்டு வசதியாக இருக்கிறது. 'தகிட' என்று நாலு தடவை சொல்லுங்கள், 12 ஆகிவிடும். முதல் தகிடவில் 'த'வுக்கும் 'ட'வுக்கும் தட்டுங்கள். இரண்டாவதில் 'கி', 'ட'. மூன்றாவதில் 'கி' மட்டும். நாலாவதில் மறுபடி 'த', 'ட'. வாய் நான்கு தகிடவை நிதானமாகச் சொல்ல, கை அதற்குப் பிடிகொடுக்காமல் ஓடும். முதலில் கை வாய்க்கு அடங்கிவிடும், எல்லோருக்கும் அப்படித்தான். சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் போதும். பாதிக் கூட்டம் தகிட சொல்லட்டும், பாதி தட்டட்டும், இரண்டு நிமிடம் கழித்து மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் இழுக்காதீர்கள், இது பாட்டு வகுப்பு இல்லை.

நான்காம் படி: துணியில் அச்சு

அடிங்க்ரா என்பது அகான்களின் அச்சுத்துணி. அதன் பழைய இடம் சாவு வீடு. சிவப்பு, செம்பழுப்பு, கறுப்புத் துணியில் சின்னங்களை அச்சிட்டுத் துக்கத்துக்கு உடுத்துவார்கள். அந்தச் சொல்லே விடைபெறுதலோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இன்றைக்கு அதே சின்னங்கள் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து தேவாலயச் சுவர் வரை எல்லா இடத்திலும் இருக்கின்றன, அதனால் பிள்ளைகள் கையில் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

குமாசிக்குப் பக்கத்தில் இன்டோன்சோ என்ற ஊரில் இதைப் பழைய முறையில் செய்கிறார்கள். 'பாடியே' என்னும் மரத்தின் பட்டையை ஊறவைத்து, உரலில் இடித்து, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, வடிகட்டி, மறுபடி கொதிக்கவைத்துத் தார் மாதிரிக் கெட்டியாக்கினால் மை. அச்சு சுரைக்குடுக்கையில் வெட்டியது. நம்மூர்ச் சுரைக்காய்தான், முற்றிக் காய்ந்தது. குடுக்கையின் ஒரு துண்டில் சின்னத்தைச் செதுக்கி, பின்பக்கம் சில குச்சிகளைச் செருகி நுனியில் சேர்த்துக் கட்டினால் அதுவே கைப்பிடி. குடுக்கைத் துண்டு வளைந்திருக்கும் என்பதால் அச்சை நேராக அழுத்தமாட்டார்கள், தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டி எடுப்பார்கள். முதலில் மரச்சீப்பை மையில் தோய்த்துத் துணியில் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு சின்னத்தை நிரப்புவார்கள்.

சின்னங்களில் நாலைந்து போதும். அனான்சே இன்டொன்டான் என்பது சிலந்தி வலை: அறிவு, கைத்திறன். ஞான்சாபோ என்பது அறிவு முடிச்சு, பானைக் கதைக்குப் பிறகு கேட்க வேண்டுமா? ('ஞான்சா' என்றால் ட்வியில் அறிவு. நம் 'ஞானம்' மாதிரி ஒலிக்கிறது என்று உடனே குமரிக்கண்டத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள், ஒலி ஒற்றுமை தற்செயல்.) சங்கோஃபா, பின்னால் தலையைத் திருப்பி நிற்கும் பறவை: விட்டுவந்ததைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள். ஜுவென்னிமென், ஆட்டுக்கடாவின் கொம்புகள்: பலமும் பணிவும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிப்பது ஒரே வயிற்றைப் பங்குபோடும் இரண்டு முதலைகள். எந்த வாய் தின்றாலும் போவது ஒரே வயிறு, ஆனாலும் இரண்டும் சண்டை போடுகின்றன. அண்ணன் தம்பி இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம்.

நம் கைக்கு எட்டும் முறை: பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி, சின்னத்தை பிளேடால் செதுக்கி (பெரியவர்கள் முந்தின நாளே செய்துவைக்கவும்), ஒரு மரக்கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். சங்கோஃபா பறவை அச்சில் இடவலம் மாறி விழும், அதை நினைவில் வைத்து வெட்டுங்கள். துணிக்கு அடிக்கும் பெயின்ட்டில் கறுப்பும் பழுப்பும் கலந்து, தட்டில் ஸ்பாஞ்சை வைத்து அதில் ஊற்றுங்கள். அச்சை ஸ்பாஞ்சில் ஒற்றியெடுக்க வேண்டும், பெயின்ட்டில் முக்கக்கூடாது. முதல் தடவை நான் தட்டில் நேராக ஊற்றிவைத்தேன், பதினைந்து துணியில் பதினைந்து கறுப்பு அப்பளம்தான் கிடைத்தது. துணிக்கு அடியில் மடித்த போர்வை இருக்கட்டும், தரையில் நேராகப் போட்டால் பாதிச் சின்னம் விழாது. ஆளுக்கு ஒரு கைக்குட்டை அளவு வெளுத்த காட்டன் போதும். கோடுகளுக்குப் பல் அகலமான பழைய சீப்பு.

அச்சடிக்கும்போது பேசாமல் இருக்கச் சொல்லாதீர்கள். யாராவது சன்சா குரோமாவை முணுமுணுக்க ஆரம்பிப்பார், தொற்றிக்கொள்ளும்.

ஐந்தாம் படி: வாயில் வரக்கூடாதவை, கட்டாயம் வரவேண்டியவை

'இருண்ட கண்டம்' வேண்டாம். 'காட்டுவாசி', 'நீக்ரோ', 'காப்பிரி' வேண்டாம். 'பழங்குடி நடனம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் அசாந்தே நடனம், ஏவே நடனம் என்று பெயரைச் சொல்லுங்கள். முகத்தில் கரி பூசுவது, இலைதழை கட்டுவது, சந்தேகமே வேண்டாம், கூடாது. சுத்தமான பருத்திச் சட்டையில் நின்று சொன்னாலும் கதை கதைதான்.

பெரியவர்கள் கூட்டம் என்றால் வரலாற்றையும் தொடவேண்டியிருக்கும். கானாக் கரையில் எல்மினா கோட்டையைப் போர்த்துக்கீசியர் 1482இல் கட்டினார்கள். பின்னாளில் அங்கிருந்தும் கேப் கோஸ்ட் கோட்டையிலிருந்தும் அடிமைக் கப்பல்கள் கிளம்பின. 1874இல் ஆங்கிலேயப் படை குமாசிக்குள் புகுந்து அரண்மனைப் பொன்னை அள்ளிக்கொண்டு போனது. 2024இல் லண்டனின் இரண்டு அருங்காட்சியகங்கள் 32 பொருள்களைக் குமாசியின் மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தன. கொடுத்தது மூன்று வருஷக் கடனாக. சபையில் இந்தக் 'கடன்' என்ற சொல்லைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். நாம் அச்சடித்த அந்த அடிங்க்ராவிலேயே மிகப் பழைய துணிகளில் ஒன்று, 1817இல் குமாசியில் வாங்கப்பட்டது, இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.

ஆறாம் படி: ஆள், காசு, உரிமை

உங்கள் ஊரில் கானாக்காரர் யாராவது படித்துக்கொண்டோ வேலைபார்த்துக்கொண்டோ இருந்தால், திட்டம் போடும்போதே கூப்பிடுங்கள். எல்லாம் முடிவான பிறகு 'பாரம்பரிய உடையில் வந்து உட்காருங்கள்' என்று அழைப்பது அவமரியாதை. அவருக்குக் கதை தெரியாமல் இருக்கலாம், நமக்கெல்லாம் தெருக்கூத்து தெரியுமா என்ன? அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உச்சரிப்பைத் திருத்தித் தந்தாலே பெரிய உதவி. பாடினாலோ சொன்னாலோ பணம் கொடுங்கள், சால்வையோடு அனுப்பிவிடாதீர்கள்.

அச்சடித்த துணிகளைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். டீ-ஷர்ட்டில் போட்டு விற்கலாமே என்று ஒரு பெற்றோர் கட்டாயம் கேட்பார். கானாவின் 2005ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி நாட்டார் வழக்குகளின் உரிமை மக்கள் சார்பாக அந்நாட்டுக் குடியரசுத் தலைவரிடம் இருக்கிறது. நம் ஊரில் அது எந்த அளவுக்குச் செல்லும் என்ற வாதமே வேண்டாம், விற்காதீர்கள். கென்டே நெசவை 2024இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வாங்க ஆசைப்படுகிறவர்களிடம், ஆலையில் அச்சிட்ட 'கென்டே டிசைன்' வேறு, தறியில் நாலு விரற்கடை அகலப் பட்டைகளாக நெய்து ஒட்டுத் தைத்த கென்டே வேறு என்று மட்டும் சொல்லிவைக்கலாம்.

ஏழாம் படி: அந்த 90 நிமிடம்

வாசலில் ஒரு பலகை வையுங்கள், கிழமைப் பெயர்களோடு. திங்கள் பிறந்த ஆண் குவாஜோ, பெண் அஜுவா. செவ்வாய் குவாபெனா, அபெனா. புதன் குவாகு, அக்குவா. வியாழன் யாவ், யா. வெள்ளி கோஃபி, அஃபுவா. சனி குவாமே, அமா. ஞாயிறு குவாசி, அகோசுவா. வருகிறவர் தன் பிறந்த தேதியின் கிழமையை மொபைலில் பார்த்து, அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ளட்டும். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் என்ன கிழமை பிறந்தார் என்று கேளுங்கள், சீட்டு ஒட்டிய பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். இதற்குப் பத்து நிமிடம். அன்று மாலை முழுக்க எல்லோரையும் அந்தப் பெயரிலேயே கூப்பிடுங்கள். கூட்டத்தில் இருக்கும் குவாகுகளிடம், "அனான்சேக்கு நீங்கள் பங்காளி" என்று சொன்னால் அவர்கள் தனிப் பெருமையோடு நிமிர்ந்து உட்காருவார்கள்.

அப்புறம் வரைபடத்தில் கானாவைக் காட்ட மூன்று நிமிடம். பாட்டும் கல் விளையாட்டும் பதினைந்து. விளக்கை அணைத்துவிட்டுக் கதை, குறுக்குப் பாட்டுகளோடு சேர்த்து இருபத்தைந்து. மணித் தாளத்துக்கு ஏழெட்டு. மீதி அச்சுக்கு, அதிலேயே கேள்வி பதிலும் ஓடும். நான் 'கேள்வி நேரம்' என்று தனியாக வைப்பதில்லை. கை மையில் இருக்கும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்வி மைக் கொடுத்தால் வருவதைவிட நல்ல கேள்வியாக இருக்கிறது.

அகான் கதைசொல்லி சொல்கிற மாதிரி, கொஞ்சம் உங்களுக்கும் திரும்பி வரவேண்டும் அல்லவா, அதனால் துணி காய்கிற நேரத்தில் யாரிடமாவது அவர்கள் வீட்டுக் கதை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். போன தடவை ஒரு பாட்டி நரிக் கதை ஒன்றை ஆரம்பித்தார். பாதியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், சட்டையில் 'யாவ்' என்று சீட்டு, எழுந்து நின்று, "பாட்டி நிறுத்துங்க, நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன்!" என்றான். பாட்டு எதுவும் அவனுக்குத் தெரியாது, சும்மா கை தட்டினான், எல்லோரும் தட்டினார்கள், பாட்டிக்குக் கோபமே வரவில்லை.

துணிகளை ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பின்பக்கம் இஸ்திரி போட்டால் சாயம் நிற்கும் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள். அச்சுகளை அன்றிரவே கழுவிவிடுங்கள். பெயின்ட் காய்ந்துவிட்டால் முதலைகளுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வயிறு அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஊசியை வைத்துக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.